வாவியிற் படரும் ஆற்றுவாழையும் பாசியும்: தீங்கின்றி நீக்கும் வகை

மட்டக்களப்பு வாவி நகரத்தின் நடுவே கிடக்கும் நீர்நிலையே எனினும், அதன் நன்மை தீமைகள் நகரத்தார்க்கு மாத்திரம் உரியனவல்ல. புளியந்தீவைச் சூழ்ந்து கிடக்கும் அந்நீர், தெற்கே கல்முனைப் பக்கம் வரையும் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, எழுவான்கரையின் ஊர்களையும் படுவான்கரையின் வயல்களையும் பிரித்து நிற்கின்றது. உன்னிச்சைக் குளத்தின் கீழும் நவகிரிக் குளத்தின் கீழும் பாயும் நீரும், கல்லோயா இடதுகரை வாய்க்கால்களின் கழிவுநீரும், மாரியிற் பெருகும் சிற்றாறுகளும் எல்லாம் ஈற்றில் இவ்வாவியையே சேர்கின்றன. ஆதலின் வாவியிலே நீர் வடியாது தேங்குமாயின், முதலில் மூழ்குவது நகரத்து வீதியன்று; படுவான்கரையிலே குடலைப் பருவத்தில் நிற்கும் நெற்பயிரே.

கார்த்திகை, மார்கழி மாதங்களிலே கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் ஏறிப் போக்குவரத்துத் தடைப்படுவதையும், அங்கே ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மெத்தைபோல் வந்து அடைத்து நிற்பதையும் அப்பகுதியார் நன்கு அறிவர். வெள்ளத்துக்கு மழை காரணம் என்பது மெய்யே. ஆயினும் பாலத்தின் கண்களையும் மதகின் வாய்களையும் களை அடைத்துக்கொண்டால், ஒரு நாளில் வடியவேண்டிய நீர் மூன்று நான்கு நாள் நிற்கும். நெற்பயிர் ஒரு நாள் இரண்டு நாள் நீரின்கீழ்க் கிடப்பதைத் தாங்கும். அதற்கு மேற் கிடப்பின் அழுகும். கமக்காரனுக்கு இக்களை சம்பந்தமான கேள்வி அந்த இரண்டொரு நாட் கணக்கிலேயே அடங்கியிருக்கின்றது.

இவ்வளவில் ஒருவர், "அங்ஙனமாயின் ஏதேனும் மருந்தை அடித்து ஒரே முறையிற் கொன்றுவிடலாமே" எனக் கேட்கலாம். அவ்வாறு கேட்பவர் பலர். அது ஏன் தகாதென்பதையும், தகுவது யாதென்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

களைகள் வந்த வரலாறு

நம் வாவியிலும் குளங்களிலும் மிதக்கும் பெருங்களைகள் இரண்டும் இந்நாட்டுச் செடிகளல்ல. நாம் ஆற்றுவாழை என்பதும், தமிழகத்தார் ஆகாயத்தாமரை என்பதும் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. அதன் ஊதாநிறப் பூவின் அழகை விரும்பியே பல நாட்டாரும் அதைத் தத்தம் தோட்டத்துத் தடாகங்களுக்குக் கொண்டுசென்றனர். இலங்கைக்கு 1905ஆம் ஆண்டளவில் அங்ஙனமே வந்தது. வந்த நான்காண்டுகளுள், அதாவது 1909இல், அதனை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றவேண்டியதாயிற்று. ஒரு செடியின் பெயரால் ஒரு சட்டம் எழுந்தமை அதன் வேகத்துக்குப் போதிய சான்று.

சல்வீனியா தென்கிழக்குப் பிரேசிலிலே தோன்றிய நீர்ப்பன்னம். இது 1939இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பாடத்துக்கென வருவிக்கப்பட்டு, அங்கிருந்து தப்பி, சில ஆண்டுகளிலேயே வயல்களிலும் வாய்க்கால்களிலும் பரந்தது. இதற்கு விதை இல்லை, வித்திகளும் முளைப்பதில்லை. ஆயினும் ஒரு சிறு துண்டு கணுவோடு கிடந்தாற் போதும், அதுவே புதுச்செடியாகும். மாட்டின் குளம்பிலும், தோணியின் அடியிலும், வலையின் கண்ணிலும் ஒட்டிச் சென்று குளத்துக்குக் குளம் பரவியது இவ்வகையினாலேயே. ஆற்றுவாழையோ துண்டினாலும் பெருகும், விதையினாலும் பெருகும்; அதன் விதை சேற்றுக்குள்ளே பதினைந்து இருபது ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு முறை நன்றாக வாரிவிட்டோம், இனி வாராது என்று இருந்துவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

மிதக்கும் இச்செடிகளுக்கு வேறொரு தீமையும் உண்டு. மன்சோனியா என்னும் நுளம்பின் புழு, நீரின் மேலே வந்து மூச்செடுப்பதில்லை. மிதக்குஞ் செடியின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றைக்கொண்டு வாழும். யானைக்கால் நோயின் ஒருவகையை முற்காலத்தில் இந்நாட்டிற் பரப்பியது இந்நுளம்பே. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து இலங்கையில் நீங்கிற்றென உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. அதற்காகக் கரையோரத்துக் களையை வளர விடுவது அறிவுடைமையாகாது.

உப்பும் களையும்

வாவியின் இயல்பை அறியாமற் களையின் இயல்பை அறிதல் இயலாது. முகத்துவாரம் திறந்திருக்குங் காலத்திற் கடல்நீர் உட்புகுந்து நீரை உவராக்கும். மாரியில் ஆற்றுநீர் பெருகி அதனை நன்னீராக்கும். ஆற்றுவாழை, சல்வீனியா ஆகிய இரண்டும் உப்பைத் தாங்கா. கடல்நீரிற் பத்திலொரு பங்கு உப்புள்ள நீரிலேயே சல்வீனியாவின் வளர்ச்சி குன்றும். உப்பு மேலும் ஏற இரண்டும் மடியும். ஆகவே, ஆனி ஆடி மாதங்களில் நகரை அடுத்த வாவியிலே இவை பெரும்பாலும் காணப்படா. அப்போது அவை எங்கே இருக்கின்றன எனின், மேலே, நன்னீரிலே: குளத்தின் அலைகரையிலும், வடிச்சல் வாய்க்காலிலும், வயலோரத்துப் பள்ளங்களிலும், ஆற்றின் மடுக்களிலும் ஒடுங்கியிருக்கின்றன. ஐப்பசி மழையோடு அங்கேயே பெருகி, குளங்கள் வான் பாய்ந்ததும் திரளாக வாவிக்கு வருகின்றன.

வந்தவை யாவை செய்கின்றன? ஒரு பகுதி பாலங்களிலும் தாம்போதிகளிலும் சிக்கி நீரை மறிக்கின்றது. எஞ்சியது கீழ்நோக்கிச் சென்று, முகத்துவாரம் வெட்டப்பட்டபின் உவர் பட்டு மடிந்து, கரையோரத்திலும் குடாக்களிலும் அழுகுகின்றது. அழுகுங் களை நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை உண்டுவிடும். அத்தோடு தான் உடலிற் சேர்த்துவைத்திருந்த நைதரசனையும் பொசுபரசையும் நீருக்குத் திருப்பிக் கொடுக்கும். அதை உண்டு பாசி செழிக்கும். பங்குனி சித்திரையில் நகரத்துக் கரையிலே நீர் பச்சைச் சாயம்போலக் காணப்படுங் காலத்து, அப்பச்சையின் ஒரு பங்கு கார்த்திகையில் நம் வாய்க்காலில் நின்ற களையே என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. களையும் பாசியும் இரண்டு நோய்களல்ல. ஒரே நோயின் இரண்டு பருவங்கள்.

எப்பொழுது வாருவது

பெரும்பாலும் நம்மவர் களையை வாரத் தொடங்குவது அது பாலத்தை அடைத்தபின். அப்போது இயந்திரம் வரவேண்டும், வீதி மறிக்கப்படவேண்டும், ஆட்கள் கழுத்தளவு வெள்ளத்தில் இறங்கவேண்டும். இவ்வளவுக்கும் பின் வாரப்படுவது முழுத் தொகையிற் சிறு பங்கே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். புரட்டாசித் தொடக்கத்திலே ஒரு வடிச்சல் வாய்க்காலில் ஓர் ஏக்கரின் பதினாறிலொரு பங்கு பரப்பில் ஆற்றுவாழை நிற்கின்றதென வைத்துக்கொள்க. நல்ல வெயிலும் பசளைநீரும் கிடைக்குமிடத்து இச்செடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சிலவேளை அதனிலும் விரைவாக. இரண்டு வாரக் கணக்கையே கொண்டாலும், எட்டு வாரத்தில் ஓர் ஏக்கர் மூடப்படும்; பன்னிரண்டு வாரத்தில், அதாவது மார்கழி வெள்ளக் காலத்தில், 4 ஏக்கர். நெருங்கி வளர்ந்த ஆற்றுவாழை ஏக்கருக்கு ஏறக்குறைய 100 தொன் பச்சை நிறை உடையது. ஆகவே புரட்டாசியில் 6 தொன், சில உழவுயந்திரப் பெட்டிகளில் ஏற்றக்கூடிய சுமை. மார்கழியில் 400 தொன். சல்வீனியா இதனினும் விரைவுடையது. வாய்ப்பான நீரில் இரண்டு மூன்று நாளிலேயே இரட்டிக்கும்.

ஆதலின் வாருங் காலம் ஆவணியும் புரட்டாசியுமே. விதைப்புக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவு செய்யும் வழக்கம் நம்மிடையே பழமையானது. கன்னைக் கூட்டத்திலே வாய்க்காற் பங்கு குறிக்கப்படும்போதே, களை வாரும் பங்கையும் குறித்துவிடலாம். வட்டவிதானைமார் தங்கள் கண்டத்துக்குட்பட்ட வாய்க்காலையும் மடுக்களையும் நடந்து பார்த்து, எங்கெங்கே செடி ஒதுங்கியிருக்கின்றது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். குளத்திலிருந்து கீழ்நோக்கியே வேலை நடைபெறவேண்டும். கீழே வாரி மேலே விட்டுவைப்பின், முதல் மழையிலேயே வாரிய இடம் நிரம்பிவிடும். ஒரு கண்டத்தார் வாரி அடுத்த கண்டத்தார் வாராதிருப்பதும் அவ்வாறே பயனற்றது. எல்லைக்கல்லை வெள்ளம் மதிப்பதில்லை. கிராம உத்தியோகத்தர்கள் முன்னின்று செய்யவேண்டிய காரியம் இதுவே: பக்கத்துப் பக்கத்துக் கண்டத்தாரை ஒரே கிழமையில் இறங்கச் செய்தல்.

வாருமிடத்துக் கவனிக்கவேண்டியவை

மிதக்குங் களையைக் கயிற்றாலோ பழைய வலையாலோ வளைத்து, காற்று வீசும் பக்கத்துக் கரைக்கு இழுத்து, அங்கிருந்து ஏற்றுவதே எளிது. சல்வீனியாவை முள்வாரியால் வாரும்போது துண்டுகள் சிதறும். ஆதலின் கீழ்ப்புறத்திலே ஒரு சிறுகண் வலையை வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிவைத்து, வேலை முடிந்தபின் அதிற் சிக்கியதையும் எடுத்தல் அவசியம். கரையேற்றிய களையை நீர்மட்டத்தின் மேலே, வெள்ளம் எட்டாத இடத்திற் குவிக்க வேண்டும். கரையிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் வேலை செய்யாமைக்குச் சமம்.

ஓரிடத்து முழுக் களையையும் ஒரே நாளில் வாரிக் கரையேற்றுவதால் தீங்கில்லை. ஆனால் நீருக்குள்ளேயே வெட்டிவிட்டு அழுக விடுதல் பெருந்தீங்கு. அழுகலினால் ஒட்சிசன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்; சிறிது நேரத்தில் மடியும். பகலிற் செடியும் பாசியும் ஒட்சிசனை வெளிவிடுவதனாலும், இரவில் அவையும் அதனையே உண்பதனாலும், நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும் நேரம் விடிவுக்கு முந்திய நேரமே. செத்தலும் திலாப்பியாவும் விடியற்காலையில் மேலே திரண்டு மூச்சுக்குத் தவிப்பதைக் கண்டால், யாரோ நஞ்சு கலந்தனர் என்று உடனே முடிவு கட்டலாகாது. மேற்புறத்தில் எங்கேனும் களை அழுகுகின்றதா என முதலிற் பார்த்தல் வேண்டும்.

வாரவேண்டாதவையும் சில உள. கரையோரத்துக் கண்ணாவும் ஏனைய கண்டல் மரங்களும், பாய் பின்னும் பன்னும், கொட்டியும், அல்லியும் தாமரையும் நம் நாட்டுச் செடிகள். அளவுக்கு மீறாதவரை தீங்கு செய்யா. உவர்நீரின் அடியிலே வேரூன்றி நிற்கும் சாதாழை இறாற்குஞ்சு வளரும் தொட்டில். இதனைப் "பாசி" என்று கூறி வாரிவிடுவோர் தம் அடுத்த ஆண்டின் இறாலையே வாரிவிடுகின்றனர். மிதக்கின்ற அந்நியச் செடியும் அடியில் வேரூன்றிய நாட்டுச் செடியும் ஒன்றல்ல என்பதை வேலையாட்களுக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கவேண்டும்.

நீரில் இறங்கும் ஆட்களின் பாதுகாப்பும் முக்கியமானது. களை மெத்தையின் மேலே பாம்பு தங்கும். மேல்வாவியில் முதலையும் உண்டு. தனியாளாக இறங்குதல் கூடாது. கரையில் ஒருவர் கயிற்றோடு நிற்கவேண்டும். இன்னும் ஒன்று எலிக்காய்ச்சல். வயலிலும் வாய்க்காலிலும் எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள புண்வழி உட்சென்று இந்நோயைத் தரும். புண்ணுள்ளவர் இறங்கலாகாது. வேலைக்கு முன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சென்று தடுப்பு மருந்து பெறுவதும், வேலைக்குப் பின்னர்க் காய்ச்சலும் தசைநோவும் கண்டால் "நீரில் நின்றேன்" என்பதை வைத்தியரிடம் தவறாது சொல்வதும் உயிர்காக்கும் செயல்கள்.

கூன்வண்டு

சல்வீனியாவின் வரலாற்றிலே கமக்காரர்க்கு மகிழ்ச்சி தரும் ஓர் அத்தியாயம் உண்டு. நெடுங்காலமாக இச்செடி வேறோர் இனம் என்று பிழையாகக் கருதப்பட்டு, அவ்வேறு இனத்தை உண்ணும் பூச்சிகளே பல நாடுகளில் விடப்பட்டு வந்தன; அவை பயன்தரவில்லை. 1972இல் மிட்செல் என்பார் இதனைத் தனி இனமெனப் பெயரிட்டார். அதன்பின் இதன் தாயகத்தைத் தேடிச் சென்ற அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள், தென்கிழக்குப் பிரேசிலிலே இதனையே உண்டு வாழும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமுள்ள கரிய கூன்வண்டு ஒன்றைக் கண்டனர். 1980இல் குயின்ஸ்லாந்திலுள்ள மூண்டாரா ஏரியில் அவ்வண்டு விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துள் அவ்வேரியை மூடியிருந்த பல்லாயிரந் தொன் களை பழுத்து மூழ்கிற்று. இப்பணிக்காக 1985இல் யுனெஸ்கோ விஞ்ஞானப் பரிசு வழங்கப்பட்டது. இலங்கையில் 1986இல் அவ்வண்டு விடப்பட்டு, நாட்டின் பல பாகங்களிலும் பயன் தந்தது. ஆற்றுவாழைக்கும் இவ்வாறான வேறு கூன்வண்டுகள் உண்டு. ஆனால் அவை மெல்லவே வேலை செய்வன.

இங்ஙனமாயின் நம் வாவியில் மட்டும் சல்வீனியா ஏன் மீண்டும் மீண்டும் வருகின்றது? விடை முன்னரே கூறியதிற் கிடக்கின்றது. ஆண்டுதோறும் உவர்நீர் களையை அழிக்கும்போது வண்டையும் அழித்துவிடுகின்றது. மறு ஆண்டு களை முதலில் வருகின்றது. வண்டு பின்னால் வருகின்றது. ஆகையால் வண்டைக் காக்கவேண்டிய இடம் வாவியன்று. மேலேயுள்ள குளமும் மடுவும். சல்வீனியாவின் குருத்துக் கறுத்து, இலை பழுப்புநிறமாகி, தண்டில் துளை காணப்படின் அங்கே வண்டு இருக்கின்றதென அறிக. அவ்விடத்துக் களையை முழுதும் வாராது, ஒரு மூலையிலே வலை அடைத்து ஒரு சிறு பரப்பை விட்டுவைத்தல் நன்று. புதுக்களை கண்ட இடத்தில், அவ்வண்டு பிடித்த களையில் ஒரு சாக்கை எடுத்துச் சென்று இட்டால் வண்டும் குடியேறும். இதனை விவசாயப் போதனாசிரியரின் அறிவோடு செய்க. வண்டில்லாத களையை வண்டுள்ளதென எண்ணிக் கொண்டுசென்றால் நன்மைக்குப் பதில் தீமையே பரப்பியவராவோம்.

மருந்தடித்தல் பற்றி

இனி மருந்துக்கு வருவோம். பாசியைக் கொல்லச் செப்புச் சல்பேற்று, அதாவது மயில்துத்தம், பயன்படும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்போர் 1904இல் வெளியிட்டனர். சிறு தடாகங்களில் அது இன்றும் வழங்குகின்றது. வாவிக்கு அது பொருந்துமா என ஒரு கணக்கினாற் காண்போம். ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள நீர் 15 இலட்சம் கன மீற்றர். பத்து இலட்சத்துக்கு ஒரு பங்கு வீதம் இடுவதாயின் 1,500 கிலோ துத்தம் வேண்டும். வாவியோ நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. இட்ட செம்பு அழிவதில்லை, சேற்றிலே தங்கும். இறாலும் நத்தையும் மீன்குஞ்சும் செம்பினாற் பாசியைப்போலவே மடியும். பணத்தைச் செலவிட்டு இறாலைக் கொல்லுவதற்கு ஒரு மருந்து வேண்டியதில்லை.

இதனிலும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. 1979இல் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவிலே, குடிநீர் தரும் அணையிற் பாசி மிகுந்து நீர் நாற்றமெடுத்தது. அதனைப் போக்கச் செப்புச் சல்பேற்று இடப்பட்டது. சில நாட்களில் அவ்வூரில் 148 பேர் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு வைத்தியசாலையை அடைந்தனர். அவர்களுள் 138 பேர் பிள்ளைகள். பாசி உயிரோடிருக்கும்போது தன் உடலுக்குள்ளே அடக்கி வைத்திருந்த நஞ்சு, செம்பினால் அது வெடித்து மடிந்ததும் ஒருங்கே நீரிற் கலந்ததே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. மருந்து பாசியைக் கொன்றது மெய். நீரை நஞ்சாக்கியதும் அம்மருந்தே.

களைநாசினிகளும் இவ்வகையினவே. மருந்தடித்த ஆற்றுவாழை ஓரிரு கிழமையில் முழுதும் நீரிலே மூழ்கி அழுகும். அழுகலின் விளைவை மேலே கண்டோம். அன்றியும் காற்றில் அள்ளுண்ட துளி பக்கத்துக் கத்தரி மிளகாய்த் தோட்டங்களைச் சுட்டுவிடும். பீடைநாசினிப் பதிவாளரால் நீர்நிலைக்கென அனுமதிக்கப்படாத எந்த மருந்தையும், வயலுக்கு வாங்கிய மிச்சம் இருக்கின்றதென்று, வாய்க்காலிலோ வாவியிலோ அடித்தல் சட்டத்துக்கும் மாறு, அயலார்க்கும் தீங்கு.

நச்சுப் பாசியை அறியும் வகை

பாசிகள் எல்லாம் நஞ்சுடையனவல்ல. நூல்போல நீண்டு தடியிற் சுற்றிக்கொள்ளும் பச்சைப்பாசி அருவருப்புத் தருமேயன்றிப் பெரும்பாலும் நஞ்சன்று. அஞ்சவேண்டியது நீலப்பச்சைப் பாசி. அது நீரின் மேலே சாயம் ஊற்றியதுபோலவோ, பட்டாணி அரைத்துக் கரைத்ததுபோலவோ காணப்படும்; காற்று ஒதுக்கிய கரையிலே தடித்த ஆடையாகும். ஒரு தடியை இட்டு எடுத்துப் பாருங்கள். நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. சாயம்போலத் தடியிற் பூசிக்கொண்டால் ஐயுறவேண்டும். இன்னொரு முறை: ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்காற்பங்கு நீரெடுத்து, அசையாமல் ஓரிரவு வைக்க. பச்சை மேலே மிதந்து வளையமாயின் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. இவ்விரண்டும் ஐயத்தை எழுப்பும் சோதனைகளே. முடிவு சொல்வது ஆய்வுகூடம். போத்தலைக் கையாளும்போது கையுறை அணிதலும் பின்னர்க் கைகழுவுதலும் வேண்டும்.

இப்பாசியால் மாடு மடிதல் புதிய செய்தியன்று. தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியிலே பாசியாடை படிந்த நீரைக் குடித்த ஆடுமாடுகளும் குதிரைகளும் மடிந்தமையை ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பார் 1878இல் எழுதினார். அங்கும் காற்று ஒதுக்கிய கரையிலேதான் அபாயம். நம் பட்டிகளில் மாடெருமைகள் வெயிலுக்கு வாவியோரத்தை நாடுதல் வழக்கம். பாசியாடை கண்ட நாட்களில் அவற்றை அக்கரையிலிருந்து விலக்கி, கிணற்று நீரோ ஓடுநீரோ காட்டவேண்டும். அந்நீரைக் காய்ச்சினால் நஞ்சு நீங்கும் என்று எண்ணுவது தவறு. காய்ச்சினாற் கிருமி சாகும், இந்நஞ்சு போகாது. பிள்ளைகள் அவ்விடத்திற் குளித்தலும் ஆகாது. அங்கே பிடித்த மீனாயின் குடலையும் ஈரலையும் முற்றாக நீக்கிக் கழுவியே சமைக்கவேண்டும். செத்து மிதந்த மீனை எவ்வகையிலும் உண்ணலாகாது.

வயலிலிருந்து போவது

பாசிக்கு உணவு கொடுப்போர் யாவர் என்று கேட்டால், நகரத்தார் கமக்காரனையும், கமக்காரன் நகரத்தாரையும் சுட்டுவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மலக்குழி நீர், சந்தைக் கழிவு, நெல் அவிக்கும் ஆலைகளின் கழிநீர் ஆகியன நகரப்பக்கத்தால் வருகின்றன. இவற்றைத் தடுப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடன். நம் பக்கத்தால் வருவது பசளை. ஒரு கிலோ பொசுபரசு 500 கிலோ வரையிற் பச்சைப்பாசியை வளர்க்கும் என்பது நீரியலார் பலரும் எடுத்தாளும் கணக்கு. நாம் விலைகொடுத்து வாங்கிய பசளை வாய்க்கால்வழி சென்று பாசியை வளர்ப்பது நமக்கே முதல் நட்டம்.

ஆதலின் அடிக்கட்டுப் பசளையைச் சேற்றோடு கலந்து மறைக்கவேண்டும். மேலே தூவி நீரை ஓடவிடலாகாது. மேற்கட்டு யூரியா இடுமுன் நீரைக் குறைத்து, இட்டபின் சில நாள் வக்கடையைக் கட்டிவைக்கவேண்டும். பெருமழை வருமென வானிலை அறிவித்தல் இருக்கும் நாளில் பசளை இடுதல், பணத்தை வாய்க்காலில் எறிதலே. மண்பரிசோதனையிற் பொசுபரசு போதியதெனக் கண்ட வயலுக்கு அதனை மேலும் இடவேண்டியதில்லை. வாவியை ஒட்டிய வயலின் ஓரத்திற் கண்ணாவும் புல்லும் உள்ள ஒரு சிறு கரையை வெட்டாது விட்டால், அது வடிநீரிற் செல்லும் மண்ணையும் அதனோடு செல்லும் பொசுபரசையும் மறிக்கும். இரண்டு வரம்பு நிலம் கூடுதலாகக் கிடைக்குமென்று அதை வெட்டுவோர் பின்னர் மண்ணரிப்பினால் நான்கு வரம்பை இழந்ததுண்டு.

முகத்துவாரம் வெட்டுதல்

வெள்ளம் ஏறியதும் முகத்துவாரத்தை வெட்டுக என்ற குரல் படுவான்கரையில் எழும். இப்போது வெட்டாதீர் என்ற குரல் மீன்பிடிப்போர் பக்கத்தில் எழும். ஆறப் பொறுத்து வெட்டினால் வயல் மூழ்கும். அவசரப்பட்டு வெட்டினால் நீர் முற்றும் வடிந்து, இறால் வளர்வதற்கு முன்னரே கடலுக்குப் போகும் என்பது அவர்கள் முறைப்பாடு. 2011 சனவரி வெள்ளத்தைக் கண்டவர் எவரும் வெட்டவே கூடாதென்று சொல்லார். ஆனால் முகத்துவாரம் வெட்டினாற் களையும் ஒழியும் என்று கருதுவது பாதி உண்மையே. உவர் புகுந்து களை மடியும். மடிந்தது எங்கும் போகாது, அழுகும். பாலத்திலும் தாம்போதியிலும் களை அடைத்து நிற்கும்போது வாயை மாத்திரம் வெட்டினால், கீழ்வாவி வடியும், மேல்வாவி அப்படியே நிற்கும். ஆகவே வெட்டுவது பற்றிய கூட்டத்திலே நீர்மட்டத்தைப் போலவே களையின் நிலையையும் கிராம உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்புக்களும் எடுத்துரைத்தல் முறை: எந்தப் பாலத்தில் எத்தனை கண்கள் அடைபட்டுள்ளன, வார ஆட்கள் உளரா, வாரியபின் வெட்டலாமா என்பவை. நீர்மட்டக் கோலைப் பார்த்து மட்டும் எடுக்கப்படும் முடிவு பாதிக் கண்ணாற் பார்த்த முடிவு.

வாரிய களையை என் செய்வது

ஆற்றுவாழையில் நூற்றுக்கு 95 பங்கு நீர். ஆதலின் வாரிய உடனே தூரம் ஏற்றிச் செல்லல் நீரை ஏற்றிச் செல்வதேயாகும். கரையில் நாலைந்து நாள் வாடவிட்டால் நிறை பெரிதுங் குறையும். வாடியதை ஓரடி கனம் பரப்பி, அதன்மேல் மாட்டெருவும் வைக்கோலும் சிறிதளவு மண்ணும் இட்டு, இவ்வாறே நான்கடி உயரம் வரை அடுக்கி, மூன்று கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் நல்ல கூட்டெரு ஆகும். இதிற் பொற்றாசியம் மிகுதி, தென்னைக்கு உகந்தது. நடுக்குவியல் கைவைக்க முடியாத சூடு கொள்ளவேண்டும். இல்லையேல் விதை சாகாது. எவ்வாறாயினும் இவ்வெருவை வயலுக்கோ வாய்க்காலோரத்துக்கோ இடாது மேட்டுநிலத்துக்கே இடுக. தென்னை வட்டத்திலே வாடிய களையை அப்படியே மூடாக்காக இடுவதும் நன்று.

ஒரு விலக்கு. ஆற்றுவாழை தான் நிற்கும் நீரிலுள்ள ஈயம் முதலிய பார உலோகங்களை வேரினால் இழுத்துச் சேர்க்கும் இயல்புடையது. குளத்திலும் வயல்வாய்க்காலிலும் வாரியதற்குப் பெரும்பாலும் அச்சமில்லை. நகரத்து வடிகான் வாய்களிலும், வாகனம் கழுவுமிடம், பட்டறை முதலியவற்றின் அருகிலும் வாரியதைக் கீரைக்கும் மரக்கறிக்கும் எருவாக்கலாகாது, மாட்டுக்கும் இடலாகாது. அதனைத் தனியே குவித்து, உள்ளூராட்சி மன்றத்தின் குப்பை நிலத்துக்கு அனுப்புவதே தகும். எந்தக் குவியல் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடி நாட்டி எழுதி வைத்தால், பின்னர் ஏற்றுபவர் மயங்கார்.